என் அண்ணனின் முழங்கால்கள்

கலை வரலாறு புரண்டு படுத்த அந்த மாலையில் கூடத்தில் இருந்தவர்கள்: சிற்பியான என் அண்ணன், அவரைக் 'கண்டுபிடித்த' கலைக்கூட அம்மையார், ஒரு விமர்சகர், கையில் கோப்பையுடன் ஏராளமான ரசிகர்கள், எங்கள் அம்மா, நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்ததால் ஆணி அடிக்க அழைக்கப்பட்ட நான்.

கண்காட்சியின் பெயர் 'முழந்தாளிட்ட பால்யம்'. கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த பிள்ளையின் குற்ற உணர்வை உலகம் அன்றுதான் முதன்முதலாகத் தரிசித்தது. தரையில் கல்லுப்பு; அதன்மேல் ஒரு ஜோடி பிளாஸ்டர் முழங்கால்கள். பக்கத்தில், பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்வதற்கான மரத்தாலான பாவசங்கீர்த்தனக் கூண்டு. அசல் கதவு, அசல் பூட்டு. உண்மை விஷயத்தில் அண்ணன் சமரசம் செய்துகொள்வதில்லை.

அவர் மைக்கைப் பிடித்தார்.

"பூசைக்கு வெச்சிருந்த திராட்சை ரசத்தை யாரோ குடிச்சிட்டாங்க. பழி என்மேல விழுந்தது. அம்மா என்னை உப்புல முட்டி போட வெச்சாங்க. அந்த வலிதான் இது."

பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அவ்வளவு உருக்கமாகச் சொன்னதில், அதெல்லாம் எனக்கு நடந்தது என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

அருங்காட்சியகம் ஒன்று இந்தப் படைப்பை நிரந்தரமாக ஏற்கத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, இது சுயசரிதைதான் என்று பெற்ற தாய் சாட்சி சொல்ல வேண்டும்.

"சொல்லுங்கம்மா, இது உங்க பையனோட முட்டிதானே?" என்றார் அம்மையார்.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆமா, என் பையனோடதுதான்."

கைதட்டல்.

"சின்னவனோடது. இந்தத் தழும்பு சைக்கிள்ல விழுந்து வந்தது."

அண்ணன்மேல் தவறில்லை. அவருடைய முழங்கால்கள் வழுவழுவென்று இருந்தன. "வலி பதியலடா" என்று வருத்தப்பட்டுத்தான் என் காலில் அச்சு எடுத்தார்.

"ஏன்டா பெரியவனே, முட்டி போட்டது தம்பி. ஓடி வந்து போட்டுக்குடுத்தது நீ. இல்லையா?"

"அம்மா, கலையில 'நான்'னா நான் இல்ல. அது தத்துவார்த்தமான 'நான்'."

"சரி, அந்த 'நானை' இந்தக் கூண்டுக்குள்ள போகச் சொல்லு."

நாற்பது வயதுச் சிற்பி போனார். அம்மா அந்தக் குரலில் சொன்னால் தத்துவமும் போகும். சற்று நேரத்தில் கூண்டின் துளைகள் வழியே மெல்லிய சத்தம் வந்தது.

"ரசத்தைக் குடிச்சது நான்தாம்மா. பயத்துல தம்பி பேரைச் சொல்லிட்டேன்."

கூடம் அதிர்ந்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். விமர்சகர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"மத்ததெல்லாம் நெஞ்சைத் தொட்டுது. இந்தக் கடைசிப் பகுதிதான் நம்பற மாதிரி இல்ல."

"எனக்கும்தான்" என்றார் அம்மா. "இவ்வளவு சுலபமா முழுசையும் ஒத்துக்கற புள்ள இல்ல இவன். உள்ள இன்னும் இருக்கும்."

கதவைச் சாத்தி, அசல் பூட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினார்.