சி.ஐ.டி. சாரும் இரும்புப் பெட்டியும்

தன் கைக்கடிகாரத்தையே நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் எங்கள் ஹெட்மாஸ்டர். கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார். நான் சொன்னதும் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய்க் கேட்பார். இரண்டு பேரும் ஒரே மணியைச் சொன்னால், "பேசி வெச்சிக்கினு சொல்றீங்களா?" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பள நாளில் மட்டும்தான் உதவியது. ஊருக்கு அவர் சி.ஐ.டி. சார்.

ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில், ஓடு வேய்ந்த தொடக்கப்பள்ளி அது. நான் தாம்பரத்தில் பஸ் பிடித்து, படப்பை வழியாக இடிபட்டு வந்து சேரும் புது டீச்சர். 1991. தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் சும்மா பார்க்கவில்லை. பையோடு ஓர் ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கினால் டீக்கடை மொத்தமும் திரும்பும். "எந்த ஊரு? யார் வூட்டுக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஊரே சி.ஐ.டி. சாராக மாறிவிட்டது. அவருக்கு மட்டும் மாற வேண்டிய சிரமமே இல்லை.

அந்த நேரம் பார்த்தா அந்தப் பெட்டி வர வேண்டும்? ஒரு திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. லீவு நாளில் யாரோ லாரியில் வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்டு தொங்கியது, சாவியைக் காணோம்.

"ஒருத்தரும் கிட்ட போவாதீங்க! தொட்டீங்க, டி.சி.ய கிழிச்சிக் குடுத்துடுவேன்!" என்று கத்தினார் சார். குண்டு வெடித்தாலும் டி.சி. வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் போலிருக்கிறது. பிள்ளைகளை ஏரிக்கரைக்கு ஓட்டிவிட்டு, ஆள் அனுப்பிப் போலீஸ்காரரை வரவழைத்தார். அவர் பாவம், மூங்கில் கழியால் பெட்டியை நெம்பி நெம்பிப் பார்த்துவிட்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே பூட்டை உடைத்தார். உள்ளே கரடி, முயல், பறக்கும் குதிரை என்று படம் போட்ட கதைப் புத்தகங்கள். பள்ளி நூலகத்துக்காக அரசாங்கம் அனுப்பியது.

"இதுக்கா சார் என்னை வேகாத வெயில்ல சைக்கிள் மிதிக்க வெச்சீங்க?" போலீஸ்காரர் அழாத குறை.

சாருக்குச் சந்தேகம் தீரவில்லை. "சும்மாவா இவ்ளோ புக்கு குடுப்பாங்க? இதுல இன்னாமோ கீது டீச்சர்" என்று புதுப் பூட்டு போட்டு, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பெட்டிக்குப் பின்னாலேயே ஓர் உத்தரவும் வந்தது. பிள்ளைகள் படிக்காமல் பூட்டி வைத்திருக்கும் பள்ளியிலிருந்து பெட்டியை எடுத்து வேறு பெரிய பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் பாடப் புத்தகத்தை விட்டால் அச்சடித்த காகிதம் என்பது நாள்காட்டியும் பொட்டலம் கட்டி வந்த பேப்பரும்தான். இந்தப் பெட்டி போனால் இன்னொன்று வரவா போகிறது? "குடுங்க சார், படிக்கட்டும் சார்" என்று நச்சரித்தேன்.

கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்பதுதான் விஷயம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொரு கையாக மோந்து பார்ப்பார்.

"ஊறுகா. போய்க் கழுவு. நீ இன்னா, மல்லாட்டையா? கடல வாசன. கழுவு."

கழுவிவிட்டு வந்தால், "ஈரம். போய்க் காயவை."

திங்கட்கிழமை விசாரணை.

"புக்க பட்சியா?"

"பட்சேன் சார்."

"பொய். பட்சவன் மூஞ்சி இப்டியா இருக்கும்?"

அதோடு விட்டாரா மனிதர்? ஒவ்வொரு புத்தகத்திலும் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு வேப்பிலையை ஒளித்து வைத்தார். படித்தவன் அந்த இலையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிள்ளைகள் இலைக்காகப் பக்கத்தை மட்டும் புரட்டினார்கள். "இலை இருந்த பக்கத்துல இன்னா நடந்துச்சி?" என்றார். அதைப் படித்துவிட்டு வந்தார்கள். "அதுக்கு முன்ன?" என்றார். அதையும் படித்தார்கள். "கடைசில?" என்றார். முழுப் புத்தகத்தையும் படிக்காமல் அவரிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை.

மரத்தடியில் பிள்ளைகள் கூடிக் கதை பேசினால், "கதைய அவுத்து வுடுறீங்களா? காப்பி அடிக்கத் தெரிஞ்சிகிட்டீங்க!" என்று தடை போட்டார். அதன் பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. சத்துணவு வரிசையில் ஒருவன் காதில் ஒருவன் கரடிக் கதை ஓதிக்கொண்டு நின்றான்.

எனக்கும் அவர் மேல் ஒரு சந்தேகம். தினமும் சாயங்காலம் ஒரு புத்தகம் அவர் மஞ்சள் பைக்குள் போனது. சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கடத்துகிறாரோ? பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இத கேக்கச் சொல்லி யாரு உங்கள அனுப்புனது?" என்று முறைத்தார். பிறகு குரலை இறக்கி, "நான் படிக்காம எப்டி டீச்சர் கேள்வி கேக்கறது? ஏமாத்திடுவானுங்க" என்றார். கொஞ்ச தூரம் நடந்து போனவர் திரும்பி வந்தார். "அந்தக் கரடி கத, நல்லாதான் கீது."

அந்த வருடக் கடைசியில் கல்வி அதிகாரியின் ஜீப் வந்தது. ஐந்தாம் வகுப்பில் வைத்தே பெட்டியைத் திறந்து பார்த்தார். நாள்காட்டித் தாளில் அட்டை போட்ட புத்தகங்கள். ஒரு கறை இல்லை, ஒரு மூலை மடங்கவில்லை.

"கடையிலேருந்து வந்த மாதிரியே இருக்கே ஹெட்மாஸ்டர்? ஒரு பிள்ளையும் தொட்டதில்ல. பெட்டிய ஏத்துய்யா."

அவரோடு வந்த பியூன் ஒரு பக்கம் தூக்கினார். "படிச்சாங்க சார், சத்தியமா" என்றேன்.

"நம்பற மாதிரி இல்லையேம்மா."

யாருக்காகவும் வாழ்நாளில் சாட்சி சொல்லாத சி.ஐ.டி. சார் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நம்பாதீங்க சார். நானும் நம்பலதான். விசாரிச்சிப் பாருங்க."

அதிகாரி ஒரு புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினார். ஐந்தாம் வகுப்பு ஸ்டெல்லா எழுந்து முன்னால் வந்தாள்.

"சார், கைய காட்டுங்க."

அவர் விளங்காமல் காட்டினார். மோந்து பார்த்தாள். "பஜ்ஜி. போய்க் கழுவினு வாங்க."

பியூன் பெட்டியைத் தொப்பென்று கீழே விட்டார். பெட்டியும் போச்சு, என் வேலையும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அதிகாரி தன் விரலைத் தானே மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஈரம்!" என்றது வகுப்பு மொத்தமும்.

பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். ஸ்டெல்லா புத்தகம் கொடுத்தாள். நாலு பக்கம் தள்ளிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பட்சீங்களா சார்?"

"ம்... படிச்சேன்."

"இலை எங்க? சரி, கரடி ஏன் பல்லு வெளக்கல, அதயாவது சொல்லுங்க."

"ஏன்?"

அவ்வளவுதான். அந்தப் பக்கத்து மூன்றாம் வகுப்பும் சேர்ந்து கூரை பறக்கக் கத்தியது: "பல்லுல தேன் ஒட்டிகினு கீது சார்! நாளைக்குத் துன்ன வெச்சிருக்குது!"

அதிகாரி பெட்டி மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜீப் வெறுமனே திரும்பிப் போனது.

தூசி அடங்கும் வரை சார் வாசலிலேயே நின்றார். "திரும்பி வந்தாலும் வருவாரு" என்றார். பிறகு உள்ளே வந்து, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ஸ்டெல்லாவின் கையில் வைத்தார். கையை மோந்து பார்க்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அந்தப் பூட்டு சாவிதானா சார்?"

சி.ஐ.டி. சார் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போதும் புதுப் புத்தகம் கைக்கு வந்தால் முதலில் என் விரலை மோந்து பார்க்கிறேன். பக்கங்களுக்கு நடுவே ஒரு வேப்பிலை கிடைக்காதா என்று தேடுகிறேன். கிடைத்தால்தான் என்ன, "பொய், நீங்க படிக்கல டீச்சர்" என்று சொல்ல அவர் இல்லையே.