இன்ஃபினிட்டி காட்டிய மைக் செட்

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தால் பாவம் போய்விடும். வீட்டில் அப்படியில்லை. வீட்டாருக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டால் அது பேரன் பேத்தி வரைக்கும் கைமாறும். நான் இளம்வயதில் செய்த பித்தலாட்டங்களில் (மொத்தம் எத்தனை என்று கேட்காதீர்கள்) இன்னும் கைமாறிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. அதை மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை.

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். வயது இருபத்துமூன்று. வால்வு எது, கண்டென்சர் எது என்று தெரிந்த உடனேயே எல்லாம் தெரியும் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். அந்தத் தைரியத்தில், திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன ஊரின் மாதா கோயிலுக்குச் சொந்தமாக ஒரு மைக் செட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று பக்தி. (இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி இருமுவாள்.) இன்னொன்று, அந்தக் கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் சூசையின் மகள் ரீத்தம்மாள். எங்கள் வீட்டார் பெண் கேட்டுப் போய் வந்திருந்தார்கள். உபதேசியார் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "செட்டு நல்லபடியா பாடட்டும். அப்பால பேசிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். ஆக, என் கல்யாணம் நான் செய்யப்போகும் பெட்டிக்குள் இருந்தது.

பங்குச் சாமியாருக்கு வேறு கவலை. முந்தைய வருஷத் திருநாளுக்கு வாடகைக்கு வந்த மைக் செட்டில் கரண்ட் கசிந்து, செட்டைத் தாங்கும் இரும்புத் தட்டில் ஏறி, ஒயர் வழியாக மைக்குக்கு வந்து, பிரசங்கத்தின் நடுவே அவர் உதட்டில் சுரீரென்று அடித்திருந்தது. அவர் துள்ளிய துள்ளலைப் பார்த்து ஏதோ அருள் வந்துவிட்டது என்று முன்வரிசைக்காரர்கள் முழந்தாளிட்டுவிட்டார்களாம். அதிலிருந்து அவருக்கு ஒரு பிடிவாதம். "இன்ஸ்பெக்டர் சோதிச்சு கையெழுத்து போடணும். போடாத பெட்டி என் கோயில்ல கரண்ட் குடிக்கக் கூடாது" என்றார். சொன்னதோடு நிற்காமல் மின்சார இலாகாவுக்கு எழுதி, கொடியேற்றத்தன்று காலையில் இன்ஸ்பெக்டர் வருவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

செட்டை நன்றாகத்தான் செய்தேன். லைன் கரண்டை வால்வுகளுக்கு ஏற்றபடி மாற்றுகிற டிரான்ஸ்பார்மரைச் சிலர் தனிப் பெட்டியில் வைப்பார்கள். நான் செட்டுக்குள்ளேயே பொருத்தினேன், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று. டிரான்ஸ்பார்மர் மட்டும் பட்டாளத்துக் கழிவுச் சாமான் குவியலில் பொறுக்கியது. அது எத்தனை சண்டையைப் பார்த்ததோ தெரியாது. திருநாளுக்கு முதல்நாள் செட்டைக் கோணியில் சுற்றி பஸ் கூரைமேல் ஏற்றினேன். மயிலம் தாண்டும்போது ஆவணி மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை, பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் செட்டை வைத்து ஸ்விட்சைப் போட்டு, இரும்புத் தட்டில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. நம்பாமல் விரலை வைத்தேன். சாமியார் ஏன் அப்படித் துள்ளினார் என்று விளங்கிவிட்டது.

ஈரம் குடித்த டிரான்ஸ்பார்மரை இரண்டு நாளாவது சூட்டில் காயவைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் செய்தது இதுதான்: லைனிலிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் உள்ளேயே கழற்றி, நுனிகளில் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். கரண்ட் டிரான்ஸ்பார்மருக்கே போகாவிட்டால் எப்படிக் கசியும்? பரீட்சைக்கே போகாமல் பாஸாகிற யோசனை. கையெழுத்து வாங்கி அவரை பஸ் ஏற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம், அடியில் ஒரு மரப்பலகை போட்டால் போதும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த அறையில் ரீத்தம்மாள் பீடத்துக்குப் பூச்சாடி ஜோடித்துக்கொண்டிருந்தாள். நான் கம்பியைக் கழற்றுவதைப் பார்த்தாள். நான் ஏதோ பெரிய தொழில் நுணுக்கம் செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். சிரிக்காத முகம். முதலில் எர்த் குழியைப் பார்க்கப் போனார். விடியற்காலையில் நான் அதில் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றியிருந்தேன். (ஈர மண்ணில் எர்த் நன்றாகக் காட்டும். இதை எல்லோரும் செய்வார்கள், இது பாவக்கணக்கில் வராது.) சேறாகக் கிடந்த குழியையும் காய்ந்து கிடந்த வளாகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏம்பா, மழை இந்தக் குழியில மட்டும் பெஞ்சுதா?" என்றார்.

அடுத்து மெக்கரை எடுத்தார். கைப்பிடியைச் சுற்றினால், கசிவை செட் எவ்வளவு தடுக்கிறது என்று முள் காட்டும் பெட்டி அது. முள் பூஜ்யத்தில் நின்றால் செட் தேறாது. மறுகோடியில், எட்டைப் படுக்கவைத்த மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதுதான் இன்ஃபினிட்டி, அதாவது கசிவே இல்லை. ஒரு கம்பியை செட்டின் பிளக்கிலும் இன்னொன்றை இரும்புத் தட்டிலும் மாட்டிச் சுற்றினார். முள் நேராக இன்ஃபினிட்டியில் போய் நின்றது. மறுபடி சுற்றினார். அசையவில்லை.

"இருவது வருசமா இதைச் சுத்திக்கினு இருக்கேன். புது செட்டுகூட கொஞ்சமாவது கசியும். இது ஒண்ணுமே காட்டலியே!"

"எல்லாம் மாதா புண்ணியம் சார்" என்றேன். (இது பாவக்கணக்கில் வரும்.)

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்தின் முதல் எழுத்து காகிதத்தில் விழப்போகிற நேரத்தில் உபதேசியார் குறுக்கே வந்தார். அவருக்கு நெஞ்சு பூரித்துப் போயிருந்தது.

"ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க சார். எங்க தம்பி கையால செஞ்சது."

எங்க தம்பி! இந்த வார்த்தைக்காகத்தான் நான் மூன்று மாதமாகத் தவம் கிடந்தேன். அது வந்த நேரத்தைப் பாருங்கள்.

சாமியாரும் வந்து நின்றார். வேறு வழியில்லாமல் ஸ்விட்சைப் போட்டேன். கிராமபோன் தட்டில் முள்ளை வைத்தேன். சத்தம் இல்லை.

"வால்வு சூடாவணும் சார்" என்றேன். காத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு வால்வாக அமுக்கிப் பார்த்தேன், துணியால் துடைத்தேன், மனதுக்குள் ஜெபமாலை சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒரு வால்வைத் தொட்டார்.

"பச்சைத் தண்ணி மாதிரி இருக்கே?"

"மழைக்காலம் சார். கொஞ்சம் லேட்டாவும்."

அப்போது பூச்சாடிக்குப் பின்னாலிருந்து ரீத்தம்மாளின் குரல் வந்தது. அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. "உள்ள ரெண்டு கம்பியும் கழண்டு கெடக்குதே, எப்படிங்க சூடாவும்? காலையில நீங்கதான கழட்டினீங்க? மாட்ட மறந்துட்டீங்களா?"



"மாட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றினார். முள் பூஜ்யத்தில் விழுந்து படுத்துக்கொண்டது. அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கத்தவில்லை. பிளக்கைத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்தபடி சாதாரணமாகச் சொன்னார்: "சாமியாருக்குப் போன வருசம் ஒண்ணு. இந்த வருசம் இது அடிச்சிருந்தா மூணாவதுக்கு ஆள் இருந்திருக்க மாட்டாரு."

சாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உபதேசியார் வெளியே போய்விட்டார். கல்யாணம் போச்சு, அதைவிட ஒரு நல்ல மனுஷரைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுகையே வந்துவிட்டது. அழுதேன்.

நான் அழுது முடிக்கும்வரை சாமியார் காத்திருந்தார். "ஊருக்கு மைக்கு குடுக்கறேன்னு சொன்ன இல்ல? குடு. ஒம்பது நாளும் நீ வாசப்படியில நில்லு. நான் ஒரு வரி சொல்லுவேன். வெளிய இருக்கிற சனத்துக்கு நீ திருப்பிச் சொல்லு."

அன்று சாயங்காலம் கொடியேறியது. வாசல்படியில் நின்றேன். முதல்நாள் பிரசங்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது எட்டாம் கற்பனை, அதாவது பத்துக் கட்டளைகளில் எட்டாவது. "பொய் சொல்லாதே!" என்றார் உள்ளே. "பொய் சொல்லாதே!" என்று வெளியே கத்தினேன். "ஊரை ஏமாற்றுகிறவன் தன்னையே ஏமாற்றுகிறான்!" அதையும் கத்தினேன். விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் தொண்டை கட்டியது. ஏழாம் நாளிலிருந்து நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை.

கொடியிறக்கம் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பியபோது உபதேசியார் வழிமறித்தார். பின்னால் ரீத்தம்மாள்.

"ஓடிப்பூடுவேன்னு நெனச்சேன். ஒம்பது நாளும் வந்து நின்னுட்ட. எம் பொண்ணைக் கட்டிக்க சம்மதமா?"

வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"சம்மதமாம்பா" என்றாள் ரீத்தம்மாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேறு டிரான்ஸ்பார்மர் போட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து சுற்றினார். முள் இன்ஃபினிட்டிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகவே நின்றது. "இப்பத்தான் நம்பற மாதிரி இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். அந்த செட் பல வருஷம் பாடியது. யாரையும் அடிக்கவில்லை.

அன்று தெரிந்தே காட்டிக்கொடுத்தாயா என்று என் மனைவியிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "மறந்துட்டீங்கன்னுதான் நெனச்சேன்" என்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

எங்கள் பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தபோது பையனின் சித்தப்பா அடுக்கிக்கொண்டே போனார். குடிக்க மாட்டான், சிகரெட் கிடையாது, எதிர்த்துப் பேச மாட்டான், கோபமே வராது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இன்ஃபினிட்டி காட்டுது. உள்ள கம்பி மாட்டியிருக்கா கேளுங்க."

என் பிள்ளைகள் நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்தவர்கள் விழித்தார்கள். அசடு வழிய இந்தக் கதையை நானே அவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்த பையன் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தான், பிறகு மெதுவாகச் சொன்னான்: "கோவம் கொஞ்சம் வரும்ங்க."

என் மனைவி காபித் தட்டோடு வெளியே வந்து, முதல் டம்ளரை அவனிடம் நீட்டினாள்.