புர்கியின் முழங்காலும் ஃப்ரீடா அத்தையின் தயிர்க்கட்டியும்

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அன்புள்ள ஃப்ரீடா அத்தைக்கு, இந்தப் பக்கத்திலிருந்து மார்லீஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், பசுக்கள், நாய் எல்லோரும் சுகம். அங்கு நீங்களும் மாமாவும் மாமாவின் முதுகும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ‘உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மகள் புர்கியின் முழங்கால் எப்படி இருக்கிறது, ஒளிக்காமல் எழுது’ என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் நான் கவனித்தது ஒரு சின்ன விஷயம். வியாழக்கிழமை காலை மூட்டு வைத்தியர் ருப்பர்ட் சாரின் சிகிச்சை அறைக்குள் புர்கி நொண்டிக்கொண்டு வந்தாள். நொண்டியது இடது கால். அடிபட்டது வலது கால்.

அந்த வலது கால் மாட்டுக் கொட்டகையில் வழுக்கியதாக அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். இல்லை அத்தை, ஜனவரியில் பனி வாலிபால் ஆடும்போதுதான் நடந்தது. பனியில் சறுக்காமல் இருக்கக் கால்பந்துக்காரர்களின் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதானே ஆடுவார்கள், அவள் எழும்பி அடித்துவிட்டு இறங்கியபோது பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழெல்லாம் பனிக்குள் இறுகிக்கொண்டது, உடம்பு வலைப் பக்கம் திரும்பியது, முழங்கால் மட்டும் நான் வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டது. உட்பக்கத்து நார் பாதி கிழிந்து முட்டி முலாம்பழம்போல ஆனது. நீங்களும் உடனே தயிர்க்கட்டி அனுப்பிவிட்டீர்கள். வீக்கத்துக்குக் குளிர்ந்த தயிர்க்கட்டிப் பற்று நல்லதுதான், ருப்பர்ட் சாரே ஒப்புக்கொண்டார், ஆனால் வீக்கம் வடிந்த பிறகும் வாராவாரம் பால் லாரியில் ஒரு வாளி வந்து இறங்குகிறது. இனிமேல் முட்டிக்கு வேண்டியது வேலை, தயிர்க்கட்டி இல்லை என்று உங்களுக்கு எழுதச் சொன்னால் அவர், ‘உங்க அத்தைக்கு நான் எழுதறதா? எனக்கும் குடும்பம் இருக்கும்மா’ என்கிறார். அதனால் பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டுவிட்டு சார் அறையில் துண்டு துவைக்கிற நான்தான் தினமும் பற்றுப் போட வேண்டியிருக்கிறது. நாய் அவள் முட்டியை விட்டு நகர்வதில்லை. காத்திருக்கும் நோயாளிகள், தயிர்க்கட்டி வாசனையில், உள்ளே யாரோ இனிப்புச் சுருள் சுடுகிறார்களா என்று ஆசையோடு கேட்கிறார்கள்.

வேலை என்றால் சாதாரண வேலை இல்லை. காலுக்கடியில் பனி நழுவிக்கொண்டே இருக்கும் என்பதால், புர்கி மெத்தென்ற திண்டின் மேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், நான் இடமும் வலமுமாகப் பந்து எறிய வேண்டும், அவள் விழாமல் திருப்பித் தள்ள வேண்டும். முதலில் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் எறிந்தேன். போகப் போக அவள் அடிப்பதை நானும் திருப்பி அடித்தேன். பிறகு வெளியே பெட்டி மேலிருந்து பனியில் குதித்து இறங்கும் பயிற்சி. ‘பூனை மாதிரி சத்தமில்லாம எறங்கு’ என்பார் ருப்பர்ட் சார். ‘பூனை வாலிபால் ஆடி நீங்க பாத்திருக்கீங்களா சார்’ என்று கேட்டுவிட்டு மூட்டைபோல விழுவாள் உங்கள் மகள்.

இந்த ஞாயிறு எங்கள் ஊர்ப் போட்டி. அணியிலேயே மூன்று பேர்தான், ஒருவர் குறைந்தாலும் ஆட முடியாது. அதற்கு முன் ஒரு சோதனை: முதலில் நல்ல காலால் ஒற்றைக்கால் தாவல், பிறகு அடிபட்ட காலால். அடிபட்ட கால் ஏறக்குறைய நல்ல கால் அளவுக்குத் தாவினால் ஆடலாம். அப்படித் தாவாத காலோடு ஆடினால் நார் முழுதாக அறுந்துபோகும், அப்புறம் கத்திதான், வருஷமே போய்விடும் என்று சார் சொல்லியிருந்தார். இப்போது புரிகிறதா, அவள் ஏன் நல்ல காலை நொண்டினாள் என்று? காலையில் அதே காலோடு ரொட்டிக் கடைக்கு ஓடியவள், படுக்கையில் சுளுக்கிக்கொண்டதாகச் சொல்லி, இடது காலால் கோழிக்குஞ்சுபோல ஒரு தாவல் தாவினாள். பிறகு வலது காலால் பல்லைக் கடித்துக்கொண்டு அதே அளவு. டேப் பிடித்தது நான். இரண்டும் சமம். சார் சந்தோஷமாகக் கை கொடுக்கப் போனார். சோதனையை ஏமாற்றுவது எவ்வளவு அறிவுகெட்ட வேலை, சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் வாய் திறந்தால் காது சிவந்துவிடுகிறது. புர்கி என் காதருகே, ‘ஊமைக்கோட்டானா இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்’ என்றாள்.

அப்போது பார்த்து உங்கள் தயிர்க்கட்டி வாளி என் கையிலிருந்து நழுவிவிட்டது. கை குளிர்ந்திருந்தது. தயிர்க்கட்டி தரையெல்லாம் ஓடி அவளுடைய புது பூட்ஸை நோக்கிப் போக, உங்கள் மகள் பூட்ஸை வாரிக்கொண்டு, சுளுக்கிய இடது காலால் ஒரே தாவலில் படுக்கை தாண்டி ஜன்னலோரம் போய் நின்றாள். அறையில் நாய் நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

‘மார்லீஸ், அந்த டேப்பை எடு’ என்றார் சார்.

அளந்தேன். அவள் வலது கால் அதில் பாதியைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

ஆகவே அத்தை, புர்கி ஆடப்போவதில்லை, கால் பத்திரம், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவள் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் நாயிடம் சொல்லி என்னிடம் கேட்கிறாள். அணித்தலைவி தெக்லா வந்து, ‘நீதான் இத்தனை நாளா பந்து போட்டியே, நீ வா’ என்று என்னைக் கூப்பிட்டாள். அத்தனை பேர் முன்னால் இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கொண்டு குதிக்க என்னால் ஆகாது என்று கதவுக்குப் பின்னால் நின்றே சொல்லிவிட்டேன். கடைசியாக ஒரு விண்ணப்பம்: தயிர்க்கட்டி அனுப்பாதீர்கள். மாமாவுக்கும் பெரிய பசுவுக்கும் என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்,
மார்லீஸ்

பின்குறிப்பு: கணவாயைப் பனி மூடிப் பால் லாரி ஓடாததால் கடிதம் இங்கேயே கிடந்தது. அதற்குள் ஞாயிறு வந்துபோய்விட்டது. புர்கி தன் பூட்ஸை என் முன்னால் போட்டு, ‘என்னை உக்கார வெச்சவ நீதானே, நீயே போய் ஆடு’ என்றாள். நாயிடம் இல்லை, என்னிடமே சொன்னாள். பூட்ஸ் பெரிது, நுனியில் காலுறை அடைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் அத்தை. வலையருகே பந்து பட்டு இடது கையில் விரல் வீங்கிவிட்டது, புர்கிதான் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். தயிர்க்கட்டி அனுப்புங்கள், முடிந்தால் இரண்டு வாளி. வரும் ஞாயிறு இறுதி ஆட்டம். அதற்கு முன் ருப்பர்ட் சார் என் இரண்டு கைகளின் பிடி பலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராம், வீங்கிய கை நல்ல கை அளவுக்குப் பிடித்தால்தான் விடுவாராம். ‘வாளியையே நழுவ விட்டவ நீ, உனக்குச் சொல்லியா தரணும்’ என்றாள் புர்கி. இன்று மதியம் சிகிச்சை அறையில் சூப் குடிக்கும்போது, சார் பார்க்கிற நேரமாகப் பார்த்து, வீங்காத வலது கையிலிருந்த கரண்டியை நழுவ விட்டேன்.