இரண்டு பக்கமும் பெட்டிசம்

பெட்டிசம் மாமா எழுதாத விண்ணப்பத்துக்கு எந்த அரசாங்கக் கந்தோரும் பதில் போட்டதாக எங்கள் ஒழுங்கையின் சரித்திரத்தில் இல்லை. குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, நாய்க்கடி, எதுவானாலும் அவர்தான். யார் கேட்டாலும் எழுதுவார். எழுதியதோடு விடவும் மாட்டார். வீடு வீடாக வந்து கையெழுத்துக்குப் பேனையை நீட்டுவார்.

“வாசிச்சிப்போட்டு வைக்கட்டா மாமா?”

“ஏன் மனே, என்னில நம்பிக்கை இல்லையா?”

முகம் அப்படியே வாடிப்போகும். அதற்குப் பயந்தே நாங்கள் ஒருவரும் எதையும் வாசித்ததில்லை.

வாவிக்கரை வரை போகிற ஒழுங்கை எங்களுடையது. போன வருடம் சுவிஸிலிருந்து வந்த ரவி அதில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினான். கடன் வாங்கித்தான் கட்டினான், பாவம். அவன் வாசலுக்கு நேரே, வேப்பமர நிழலில், புஸ்பமக்கா காலையில் இறாலும் நண்டும் விற்பா. புருசன் செத்த நாளிலிருந்து அந்த இடம்தான் அவவுக்குச் சோறு. வெள்ளைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள் என்று ரவி முறையிட, ஒழுங்கை இரண்டுபட்டது.

“நாங்களும் முன்னேறத்தானே வேணும்?” என்றா ரீச்சர் அக்கா. “அப்ப மீனுக்கு நான் சந்தைக்கா ஓடுற?” என்றான் ஓட்டோ சிவா. எனக்கோ ரவியின் கோப்பியும் பிடிக்கும், புஸ்பமக்காவின் இறாலும் பிடிக்கும். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

மாமா ரவிக்கு ஒரு பெட்டிசம் எழுதினார். மறுநாள் புஸ்பமக்கா அவரிடம் அழுதுகொண்டு போக, அவவுக்கும் ஒன்று எழுதினார். இரண்டையும் வீடு வீடாகக் கொண்டுவந்தார். நாங்களும் வழக்கம்போல வாசிக்காமலே கையெழுத்து வைத்தோம்.

ஒரு காலை பிரதேச சபை உத்தியோகத்தர் இரண்டு கடிதத்தோடும் வந்து இறங்கினார். ஒழுங்கையே கூடிவிட்டது.

“மீன்காரிய எழுப்பச் சொல்லி இருபத்தேழு பேர். எழுப்ப வேணாமெண்டு அதே இருபத்தேழு பேர். இதில புஸ்பம் ஆர்?”

“நான்தான் சேர்.”

“உங்கள எழுப்பச் சொல்லி நீங்களே கையெழுத்து வச்சிரிக்கிறீங்க.”

“மாமா கொண்டந்தா வைக்கத்தானே வேணும் சேர்.”

ரவியும் அவவுக்காகக் கையெழுத்து வைத்திருந்தான். உத்தியோகத்தர் மாமாவிடம் திரும்பினார். “ஐயா, நீங்க எந்தப் பக்கம்?”

“ரெண்டு பேரும் சொன்னது உண்மை சேர். உண்மையத்தான் எழுதின நான்.”

“உண்மை கிடக்கட்டும். ரோட்டில வச்சி விக்க விட ஏலாது. இண்டைக்கே எழும்பச் சொல்லுங்க.”

புஸ்பமக்கா இறால் கடகத்தைத் தூக்கினா. இருபத்தேழு பேரும் நிலத்தைப் பார்த்தோம். வெட்கங்கெட்ட கூட்டம், நானும் சேர்த்துத்தான். அப்போது மாமா போய்த் தன் வீட்டுக் கேட்டை அகலத் திறந்தார்.

“உள்ளுக்கு வா புள்ள. இது ரோடில்ல, என்ட வளவு.”

உத்தியோகத்தர் அந்தக் கேட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு கடிதங்களை மடித்துக்கொண்டு வாகனத்தில் ஏறினார். முதல் ஆளாய்ப் போய் இறால் வாங்கியவன் ரவி.

இதில் ஒரு விசயம் வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது. மாமா சுத்த சைவம். மீன் வாடை பட்டாலே சத்தி எடுக்கிற ஆள். இப்போது காலை முழுக்க மூக்கில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் இருந்து எழுதுகிறார். நேற்று எட்டிப் பார்த்தேன். கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன.

“ஏலுமா மாமா?” என்று கேட்டேன்.

“மெல்லக் கதை மனே,” என்றார். “அவவுக்குக் கேட்டிரும்.”