ஆர்லோவின் காந்தம்

டெல்பர்ட் ஹக்கின்ஸ் வண்டியைப் பின்னால் எடுத்தார். வண்டி பின்னால் வந்தது, கதவு வரவில்லை.

முழுத் தப்பையும் அவர் தலையில் கட்ட முடியாது. அது 1932ஆம் வருஷத்து ஃபோர்டு. அதன் கூரையை நாலு அங்குலம் அறுத்து இறக்கினால்தான் லட்சணமாக இருக்கும் என்று இறக்கியிருந்தார். லட்சணம் வந்தது, பின்கண்ணாடி தபால்பெட்டி வாய் அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. அதிலிருந்து, கராஜை விட்டு ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, பின்சக்கரத்தைப் பார்த்தபடி எடுப்பது அவர் வழக்கம். இந்த வியாழக்கிழமையும் பின்சக்கரத்தை ஒழுங்காகத்தான் பார்த்தார். கராஜ் தூணைப் பார்க்கவில்லை.

மேவிஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கே வீடு அதிருதா?" என்று வெளியே வந்தவள், இரண்டாக மடிந்து கிடந்த கதவைப் பார்த்தாள். உடனே குரல் இறங்கியது. "நாளை மறுநாள்தானே டாஃப்ட்ல உன் வண்டிக்குச் சோதனை?"

டெல்பர்ட் கீலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கத்தில் ஹாட் ராட், அதாவது பழைய காரை வெட்டிச் செதுக்கிக் கட்டிய வேக வண்டி, வைத்திருப்பவன் வேறு, வைத்திருப்பது ஹாட் ராட்தான் என்று கொம்பு ஓணான் சங்கம் ஒப்புக்கொண்டவன் வேறு. பழைய வண்டியை வாங்கி, மட்கார்டைக் கழற்றி வீசி, பெரிய எஞ்சினை உள்ளே திணித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களைச் சங்கத்தின் தலைவர் ஆர்லோ ப்ரூவிட் நின்று பார்ப்பதுகூடக் கிடையாது. அவருக்கு மூன்று கேள்விகள். சொந்தக் கையால் கட்டினாயா? ஓட்டிக்கொண்டு வந்தாயா? உடம்பு முழுக்க இரும்பா? முதல் இரண்டுக்கு வாய்வார்த்தை போதும். மூன்றாவதற்கு அவரிடம் ஒரு காந்தம் இருந்தது. பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க ஃபிளானல் துணி சுற்றிய காந்தம், சங்கிலியில் தொங்கும். அது ஒட்டாமல் விழுந்தால் அந்த வண்டி ஃபைபர் பொம்மை.

டெல்பர்ட் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவர். முதல் வருஷம் மழைக்குப் பயந்து வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். ஆர்லோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவது வருஷம் டேஷ்போர்டுக்கு அடியில் பாட்டரி கடிகாரம் ஒன்று பச்சை எழுத்தில் மணி காட்டியது, அந்தக் காலத்து வண்டியில் இந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கா என்று ஆர்லோ திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவையும் தோற்றால் சங்கத்தின் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படும். அதைவிடப் பெரிய வம்பு, வாய் சும்மா இல்லாமல் மேவிஸிடமும் சொல்லி வைத்திருந்தார். இந்தத் தடவை தேறாவிட்டால் வண்டியை விற்றுவிடுவது, கராஜில் அவள் மண்பாண்டச் சக்கரத்தைப் போட்டுக்கொள்வது. பதினோரு வருஷ உழைப்பு அந்த வண்டி. அதை வேறொருவன் ஓட்டிப் போவதை டெல்பர்ட்டால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாளில் இரும்புக் கதவு கிடைக்காது. நண்பன் ஹார்லனுக்கு ஃபோன் போட்டார்.

"கதவு இருக்கு," என்றார் ஹார்லன். "ஆனா ஃபைபர்."

"ஃபைபரா?"

"கறுப்பு ப்ரைமர் அடிச்சிட்டா உங்கம்மாவுக்கே தெரியாதுடா."

"எங்கம்மாவா டாஃப்ட்ல காந்தத்தோட உக்காந்திருக்காங்க?"

"அப்ப கதவில்லாமப் போ. காத்தோட்டமா இருக்கும்."

டெல்பர்ட் போய்க் கதவை வாங்கி வந்தார். மாட்டினார், கறுப்படித்தார். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. காந்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவர், மேவிஸின் கேக் சுடும் தகடுகளோடு வெளியே வந்தார்.

தகடுகளை வெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி முடித்ததும், ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் துணி சுற்றிக் கதவில் வைத்தார். விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தார். அங்கேயும் விழுந்தது. ஃபைபரின் கனத்தையும் துணியின் கனத்தையும் தாண்டித் தகட்டைப் பிடிக்க அதற்குத் தெம்பில்லை.

"என் தகடு எங்க?" மேவிஸ் வாசலில் நின்றாள்.

"கதவுக்குள்ள."

"நாலுமா?"

"ரெண்டு போதாதுன்னு தோணிச்சு."

மேவிஸ் கதவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் டெல்பர்ட், எனக்குக் கராஜ் கிடைக்கணும்னா நான் வாயைத் திறந்தா மட்டும் போதும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அதை ஞாபகம் வச்சுக்கிட்டு வேலையைப் பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன இடத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது. டெல்பர்ட்டுக்கு எண்ணெய்க் கிணற்றுப் பட்டறையில் வேலை. கிணறு தோண்டும்போது மேலே வரும் சேற்றில் இரும்புத் துணுக்கு கலந்திருக்கும். அதைப் பிடித்தெடுக்கக் காந்தக் கட்டைகள் வைத்திருப்பார்கள். பழசான கட்டைகளை உடைத்தால் உள்ளே டாலர் நாணயம் அளவில் வில்லை வில்லையாகக் காந்தம் இருக்கும், பார்த்தால் சாது, இரண்டு சேர்ந்தால் விரலை நசுக்கிவிடும். குப்பையில் போட வைத்திருந்ததைக் கேட்டு ஒரு பை நிறைய வாங்கி வந்தார்.

ஆர்லோ கதவின் எந்த இடத்தில் காந்தத்தை வைப்பார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஓர் இடம் விடாமல், உட்புறம் நாற்பது வில்லைகளை எபாக்ஸிப் பசை வைத்து ஒட்டினார். காய்ந்ததும் சோதித்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் காந்தம் கையை விட்டுத் தாவிப் போய் ஒட்டிக்கொண்டது. டெல்பர்ட் தனக்குத்தானே கைகொடுத்துக்கொள்ளாத குறைதான்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம் நீடித்தது. பக்கத்து வீட்டு நாய் வழக்கம்போல் முன்சக்கரத்தை நனைக்க வந்தது. அதன் கழுத்தில் இரும்புச் சங்கிலி. 'டக்' என்று ஒரு சத்தம், நாய் கதவோடு போயிற்று. டெல்பர்ட் ஒரு பக்கம் இழுக்க, மேவிஸ் ஒரு பக்கம் இழுக்க, நாய் யார் பக்கமும் சேராமல் ஊளையிட்டது. கடைசியில் சங்கிலியை அவிழ்த்து நாயை மட்டும் விடுவித்தார்கள்.

"கொஞ்சத்தைக் கழட்டிடேன்," என்றாள் மேவிஸ்.

"எபாக்ஸி. கதவை உடைச்சாத்தான் வரும்."

அதோடு விட்டிருக்கலாம். கீல் போல்ட் கொஞ்சம் நீளமாகத் தெரிகிறதே என்று கிரைண்டரை எடுத்துத் தேய்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.

சனிக்கிழமை காலையில் ஓயில்டேலிலிருந்து டாஃப்டுக்கு நாற்பது மைலும் வண்டி தேன் மாதிரி ஓடியது. டெல்பர்ட்டின் கைக்கடிகாரம் மட்டும் புறப்பட்ட நேரத்திலேயே நின்றுவிட்டது. மேவிஸ் தலையிலிருந்த ஹேர்பின்கள் ஒவ்வொன்றாக விடைபெற்று அவர் பக்கத்துக் கதவில் போய் உட்கார்ந்தன. டாஃப்ட் மைதானத்தில் இறங்கி வெயிலில் கதவைப் பார்த்தார். முந்தின நாள் கிரைண்டரில் பறந்த இரும்புத் தூள் அத்தனையும் கதவில் ஒட்டி, நாற்பது இடத்தில் நாற்பது கறுப்பு மரு, மயிரோடு.

துணியால் துடைத்தார். மயிர் இந்தப் பக்கம் சாய்ந்தது. திருப்பித் துடைத்தார், அந்தப் பக்கம் சாய்ந்தது.

"நகரு," என்றாள் மேவிஸ். கதவை மறைத்தபடி முன்னால் வந்து நின்று, பாவாடையை அகலமாக விரித்துக்கொண்டாள். டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, தூளை ஓரளவு உரித்துப் போட்டார் டெல்பர்ட்.

"நீ ஏன் எனக்காக இதெல்லாம் பண்ற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீ வாய்விட்டுச் சிரிக்கிறது அந்தக் கராஜுக்குள்ள மட்டுந்தான். வீட்டுக்குள்ள அந்தச் சத்தம் கேக்குது. பானை எங்க வேணாலும் பண்ணிக்கலாம்." மேவிஸ் எதிரே பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாராரு பாரு. நிமிந்து நில்லு."

எண்பது வயது, பனைமர உயரம், அகலத் தொப்பி. ஆர்லோ ப்ரூவிட்டின் பெல்ட்டில் சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்கு ஓர் இரும்பு பக்கிள். வறண்ட ஏரிப் படுகையில் எப்போதோ கார்ப் பந்தயம் ஜெயித்து வாங்கியது, அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. மைதானத்தின் நடுவில் அவருடைய மஞ்சள் ஹாட் ராட், சுற்றிலும் பத்தடிக்குக் கயிறு கட்டி நின்றது. அதைத் தூர நின்று கும்பிடலாம், தொட முடியாது. பக்கத்தில் பதிவு மேஜையில் அவர் மனைவி நோரீன், மடியில் பெரிய கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீயா கட்டினே?" என்றார் ஆர்லோ.

"நானேதான்."

"ஓட்டிட்டு வந்தியா?"

"ஓயில்டேல்லேருந்து."

கூட்டம் நெருங்கி வந்தது. ஆர்லோ சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டார். கூரையில் ஒட்டியது. பின்புறத்தில் ஒட்டியது. கதவுப் பக்கம் வந்தார். இன்னும் ஓர் அடி இருக்கும்போதே சங்கிலி கிடைமட்டமாக நீண்டது. காந்தம் அவர் கையை உதறிக்கொண்டு போய்க் கதவில் அறைந்தது. ஆர்லோ சங்கிலியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. புருவத்தைச் சுருக்கி, இன்னும் பக்கத்தில் போய், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

'டக்.'

கொம்பு ஓணான் சங்கத்தின் தலைவர் தொப்புளோடு கதவில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

யாரோ ஒருவன் தொப்பியைக் கழற்றினான். தோற்பது ஒன்று, ஒரு பெரிய மனுஷனை ஊர் முன்னால் இப்படி நிறுத்துவது வேறு. வண்டி போனால் போகட்டும் என்று டெல்பர்ட் முடிவு பண்ணினார்.

"ஆர்லோ, நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார் ஆர்லோ, கதவைப் பார்த்தபடியே, மிகத் தாழ்ந்த குரலில். "நோரீனைக் கூப்பிடு."

நோரீன் அவசரமே இல்லாமல் எழுந்து வந்தாள். கைப்பையைத் திறந்து சீவிய மர ஆப்பு ஒன்றை எடுத்தாள். பக்கிளுக்கும் கதவுக்கும் நடுவில் செருகி, லேசாக ஒரு திருகு திருகினாள். ஆர்லோ தனியாக வந்தார். அடுத்த திருகில் காந்தமும் வந்தது. டெல்பர்ட்டும் மேவிஸும் சேர்ந்து ஒரு நாய்க்கு அரைமணி நேரம் பட்ட பாட்டை அவள் இரண்டு நொடியில் முடித்துவிட்டாள்.

ஆர்லோ பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"நாப்பது வருஷமா சோதனை பண்றேன். இவ்வளவு இரும்பான கதவை நான் பார்த்ததில்ல. இது ஹாட் ராட்."

கைதட்டல் எழுந்தது. ஹார்லன் எங்கிருந்தோ விசிலடித்தார். ஆர்லோ கைகுலுக்கிவிட்டு, கதவிலிருந்து நாலடி தள்ளியே நடந்து போனார். மேவிஸ் டெல்பர்ட்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, கண் மட்டும் கலங்கியது.

சங்கத்தின் ஓணான் ஸ்டிக்கரை ஒட்ட நோரீன் மட்டும் நின்றாள். கண்ணாடியில் அதை அழுத்தித் தேய்த்துவிட்டு, டெல்பர்ட்டின் காதருகே குனிந்தாள்.

"எத்தனை வச்சீங்க, நாப்பதா? ரொம்ப அதிகம் தம்பி. எங்க மஞ்சள் வண்டியில கதவுக்கு நாலுதான்."