சின்ன ஜிம்மை நிரப்பிய நெற்போல் அன்ரி

ரொறன்ரோவில் உள்ள கூடைப்பந்து நடுவர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, இந்த உலகத்தில் உங்களுக்கு எதற்குப் பயம் என்று கேட்டுப் பாருங்கள். பனிப்புயலைச் சொல்லமாட்டார்கள், வருமான வரியையும் சொல்லமாட்டார்கள். "டோர்செட் பார்க்கிலிருந்து வரும் அந்தப் பெண்மணி" என்றுதான் சொல்வார்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். எங்கள் மாடிக்கட்டடத்தில் எவருக்கும் அது தெரியாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நெற்போல், அதாவது வலைப்பந்து, அணிக்குத் தலைவியாக இருந்தவர் என்பதால் நெற்போல் அன்ரி. லிப்டுக்குள்கூட முழங்கை இரண்டையும் விரித்து இடம் பிடித்துத்தான் நிற்பார்.

அவருடைய அக்காவின் மகள் வாசுகி, நான் படித்த கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடினாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஒரே தகுதிக்காகக் கட்டடத்தில் எவருக்கு என்ன ஆங்கிலத் தொல்லை வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். வாடகைக் கடிதம், பல் டொக்ரர் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் ஒருநாள் கூடைப்பந்தும் வந்து சேர்ந்தது. அன்ரிக்கு அதை நான் விளங்கப்படுத்த வேண்டுமாம்.

நெற்போலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. பந்து வைத்திருப்பவரை மறிப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. கூடைப்பந்தில் எல்லாமே நேர் எதிர். ஆகவே முதல் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே அன்ரி எழுந்துவிட்டார்.

"மூண்டடி! மூண்டடி தள்ளி நில்லடி! அவளின்ர மூக்குக்குள்ளையோ நிக்கப்போறாய்?"

"அன்ரி, இதிலை அப்பிடி நிக்கலாம். இது வேறை விளையாட்டு."

"வேறை இல்லைத் தம்பி, பிழையான விளையாட்டு. உங்கை பார், பலகையிலை பட்டு விழுந்ததுக்கும் புள்ளி குடுக்கிறாங்கள். பலகையே விளையாட வந்தது?"

மைதானத்துக்குள்ளிருந்து வாசுகி கெஞ்சினாள். "சின்னம்மா, பிளீஸ்! ஐ ஆம் டையிங் ஹியர்!"

"சாகாதை, பந்தைக் குடு!"

இடைவேளையில் அன்ரி நேராக நடுவரிடம் போவார். பின்னால் நான் மொழிபெயர்ப்பாளன். "உவருக்கு ரெண்டு கண்ணிலை எந்தக் கண் தெரியும் எண்டு கேள்" என்பார். நான் நடுவரிடம், "இன்று நன்றாகக் குளிர்கிறது அல்லவா என்று அன்ரி கேட்கிறார்" என்பேன். நடுவர் சிரித்துக்கொண்டு ஓம் என்று தலையாட்டுவார். "பாத்தியே, ஒப்புக்கொள்ளுறார்!" என்று அன்ரி வெற்றியோடு திரும்பி வருவார்.

எங்கள் லீக்கின் ஆண்டு இறுதிப் போட்டிகள் எங்கள் கல்லூரியில்தான் நடக்கும். ஆண்களின் பைனல் பெரிய ஜிம்மில். அங்கே மின்சாரப் புள்ளிப் பலகை உண்டு, பொப்கோர்ன் உண்டு, மேளம் உண்டு. பெண்களின் பைனல் நீச்சல் குளத்துக்குப் பின்னால் உள்ள சின்ன ஜிம்மில். குளோரின் மணக்கும். பந்தைக் கொஞ்சம் உயர்த்தி எறிந்தால் கூரைக் குழாயில் பட்டு எறிந்தவரின் தலையிலேயே விழும். போட்டி தொடங்கிய காலத்திலிருந்து இதுதான் வழக்கம் என்றார்கள். அதுதான் அந்தப் போட்டியின் முழு வரலாறும்.

வாசுகியின் இரண்டாம் வருடத்தில் அன்ரி அந்தப் பைனலைப் பார்க்க வந்தார். பார்வையாளர் உட்காரும் வாங்கில் நாங்கள் இரண்டு பேர், எதிரணிக் கோச்சின் மனைவி, நித்திரையாகிப்போன ஒரு கிழவர். அன்ரி கூரைக் குழாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்தார்.

"ஏன் பிள்ளையளை இந்தக் கோழிக்கூட்டுக்கை அடைச்சனீங்கள் எண்டு கேள்."

பொறுப்பாளர் நல்ல உயரம். அன்ரியைப் பார்க்க அவர் குனிய வேண்டியிருந்தது. பெண்களின் ஆட்டத்துக்கு ஆட்கள் வருவதில்லை என்றார். ஒருநாள் இந்தச் சின்ன ஜிம் நிரம்பட்டும், அன்றைக்கே பெரிய ஜிம்மைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சிரித்தார்.

அன்ரி சிரிக்கவில்லை. "அப்ப ஆக்கள்தான் பிரச்சினை. சரி" என்றார். அந்தச் "சரி"யை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வருடமும் எங்கள் அணி பைனலுக்கு வந்தது. வாசுகிக்கு அதுதான் கடைசி ஆட்டம். அதன் பிறகு படிப்பு முடிந்துவிடும், பெரிய ஜிம்மில் ஆடும் வாய்ப்பு இனி வராது. அன்ரி தொலைபேசியை எடுத்தார். டோர்செட் பார்க்கிலிருந்து மில்லிக்கன் வரைக்கும், அங்கிருந்து பார்க்டேலில் இருந்த ஒன்றுவிட்ட மச்சாள் வரைக்கும் ஒரே செய்திதான்.

"எங்கடை வாசுகிக்குக் கொலிஜிலை விழா. மூண்டு மணிக்கு. சாறி கட்டிக்கொண்டு வாங்கோ."

"அன்ரி, ஆட்டம் ஐஞ்சு மணிக்கெல்லோ?"

"தம்பி, நீ படிச்சனி, ஆனால் எங்கடை சனத்தைப் படிக்கேல்லை. ஐஞ்சு எண்டு சொன்னால் ஏழு மணிக்குத்தான் வருவினம். மூண்டு எண்டால் ஐஞ்சுக்கு நிப்பினம்."

அன்றைக்கு நாலே முக்கால் ஆகியும் வாங்குகள் வெறுமையாகத்தான் கிடந்தன. பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வாசுகி தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்து நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அன்ரி மட்டும் பஸ்ஸுக்கு நிற்பவரைப்போல அமைதியாக நின்றார்.

ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்க, கார்த் தரிப்பிடத்தில் முதல் வான் வந்து நின்றது. பிறகு வான்களின் வரவு நிற்கவே இல்லை. காஞ்சிபுரம் சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்து போட்ட பெண்கள், கோட்டுக்கு மேல் சங்கிலி தெரியவிட்ட அங்கிள்மார், ரோல்ஸ் பலகாரத் தட்டுகள், கைக்குழந்தைகள், தோளில் கமெராவும் கையில் பெரிய லைட்டுமாக ஒரு வீடியோக்காரர். பரிசுப் பொதியோடு வந்த ஒரு அன்ரி நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பொம்பிளை எங்கை?"

"உதிலை, களிசான் போட்டுக்கொண்டு நிக்கிறாள்" என்றார் நெற்போல் அன்ரி.

"மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளை இல்லை. கப் மட்டும்தான்."

"கப்போ? அதுக்கோ நான் கலியாணச் சாறியை எடுத்துக் கட்டினனான்?"

"கட்டினது கட்டினதுதான். இருந்து கத்தும்!"

சின்ன ஜிம் நிரம்பியது. ஓடைபோல நீண்ட நடைபாதை நிரம்பியது. நீச்சல் குளத்தின் கண்ணாடிக் கதவுவரை சேலைத் தலைப்புகள் தெரிந்தன. பொறுப்பாளர் பதறிப்போய் ஓடி வந்தார். இத்தனை பேர் இங்கே நிற்க முடியாது, தீயணைப்பு விதி, மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பு என்று என்னிடம் சொன்னார்.

அன்ரி அவர் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, சொல்லு. நிரம்பினால் திறப்பன் எண்டு சொன்னது நீங்கள். நிரப்பினது நாங்கள். ஊரிலை எங்கடை பைனலை, பெடியளின்ர கிரிக்கெட்டுக்கு கிரவுண்ட் வேணும் எண்டு தள்ளி வைச்சாங்கள். அது இண்டைக்கும் தள்ளித்தான் கிடக்கு. இந்தப் பிள்ளையின்ரயைத் தள்ள விடமாட்டன். போலிசைக் கூப்பிடட்டும். அவையளுக்கும் ரோல்ஸ் இருக்கு."

அவரை மொழிபெயர்த்த காலத்தில் முதல்முறையாக நான் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. குளிரைப் பற்றி எதுவும் பேசவில்லை. ரோல்ஸையும் சேர்த்தே சொன்னேன்.

பொறுப்பாளர் நடைபாதையைப் பார்த்தார். கைக்குழந்தை ஒன்று அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தது. அவர் பெருமூச்சு விட்டார். இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார்.

பெரிய ஜிம்மில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஆண்கள் அணி பந்துகளை அணைத்தபடி வெளியேறியது. எங்கள் சனம் வாசலிலேயே சப்பாத்துகளைக் கழற்றிக் குவித்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனது. அந்தப் பளபளத்த தரைக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்திருக்காது.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம், ஒரே ஒரு கூடையால். நடுமைதானத்தில் குந்தி அழுத வாசுகியை அன்ரி தோளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"ஏனடி அழுறாய்? தோத்தது மட்ச். ஜிம் எங்கடை. வா, சனம் படம் எடுக்க நிக்குது."

அடுத்த வருடம் அட்டவணை வந்தது. வாசுகி படிப்பை முடித்துப் போய்விட்டாள். பெண்களின் பைனல் பெரிய ஜிம்மில் என்று அச்சடித்திருந்தார்கள், இந்த வருடமும் அங்கேதான். அன்ரி இப்போதும் ஒரு பைனலையும் விடுவதில்லை. நடுவர்கள் அவரைக் கண்டால் முதலில் கும்பிடுகிறார்கள், பிறகுதான் விசில் ஊதுகிறார்கள்.

அன்றைய வீடியோவின் ஒரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்க்க அது உதவாது. வீடியோக்காரருக்குக் கலியாணம் மட்டும்தான் எடுக்கத் தெரியும். பந்து ஒரு பக்கம் போக, கமெரா மறுபக்கம் சேலைக் கரைகளையும் நகைகளையும் தேடிப் போகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் பெரிய ஜிம்முக்குள் ஓடி வரும் நேரத்தில், ஏனோ அவர் அன்ரியின் முகத்தில் கமெராவை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அன்ரி கத்தவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்க்கிறார். தனியாக இருக்கும் நாட்களில் நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.