இருபது புள்ளி வேட்டைக்காரர்

வேட்டைக்காரர்களில் இரண்டு இனம் உண்டு. மலைக்குப் போகிறவர்கள் ஓர் இனம். மலைக்குப் போவதற்காகப் புள்ளி சேர்க்கிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. போவார்கள், நனைவார்கள், கூடாரத்துக்குள் நடுங்குவார்கள், முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள், திரும்பிய கையோடு பொய் சொல்ல ஆரம்பிப்பார்கள். இரண்டாவது இனம்தான் நாம் உட்கார்ந்து ரசிக்க வேண்டியது. அது துப்பாக்கியைத் துடைக்கும்; சுடாது. வரைபடத்தை விரிக்கும்; நடக்காது. அமெரிக்காவில், எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஊருக்கு நாலு பேர் இப்படித் தேறுவார்கள். எங்கள் ஊரில் ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவரே நாலு பேருக்குச் சமம். பெயர் டாரல் காஸ்ட்கா, சீஸ் ஆலையில் தரம் பார்க்கிறவர்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாட்டியின் மதுக்கடைக்குப் போங்கள். பொரித்த மீன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் மேற்கே போய் எல்க் மான் சுடலாம்னு இருக்கேன்" என்று பொதுவாக ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். மூன்றாவது மேஜையிலிருந்து ஒரு தலை திரும்பும். பிராந்தி கிளாஸ் ஒன்று உங்கள் மேஜைக்கு இடம்பெயரும். "டேக் எப்படி? கடையிலயா, குலுக்கல்லயா?" என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், மீன் ஆறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலத்துக்காரன் மேற்கே கொலராடோ மாநிலத்தில் எல்க் சுட இரண்டு வழி இருக்கிறது. கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டினால் கையோடு 'டேக்' என்கிற வேட்டைச் சீட்டு ஒன்று தருவார்கள். வாங்கிக்கொண்டு மலை ஏறலாம். யாரும் வாங்கலாம் என்பதால் அங்கே ஆளும் அதிகம், ஆளுக்கு மான் குறைவு. இன்னொரு வழி குலுக்கல். நல்ல மலைகளுக்குச் சீட்டுகள் கொஞ்சம்தான். வசந்தத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஆறுதலாக ஒரு புள்ளி; கிடைத்துவிட்டால் சேர்த்த புள்ளியெல்லாம் காலி. புள்ளி ஏற ஏற வரிசையில் முன்னால் நகரலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், உங்களுக்கு முன்னால் நிற்கிறவனும் வருஷத்துக்கு ஒரு புள்ளி சேர்க்கிறான். டாரலிடம் பத்து புள்ளி இருந்தபோது அவருடைய மலைக்குப் பன்னிரண்டு தேவைப்பட்டது. பன்னிரண்டு சேர்ந்தபோது பதினான்கு. பதினெட்டைத் தொட்டபோது இருபது. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?

அது எந்த மலை என்கிறீர்களா? பெயரை இங்கே எழுதினால் டாரல் இந்த ஜென்மத்தில் நம்முடன் பேச மாட்டார். சொந்த மனைவிக்கே பதினோரு வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

இந்த இனத்துக்கு ஒரு பூஜை அறை உண்டு. டாரலுக்கு அது கார் கொட்டகையின் பின்சுவர். மலையின் வரைபடம், மழைக் கணக்கு, கடந்த இருபது வருஷத்தில் அங்கே சுடப்பட்ட மான்களின் கொம்பு அளவு, நிலா அட்டவணை எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். அவருடைய பூட்ஸுக்கு இது மூன்றாவது ஜோடிக் கயிறு. அடிப்பாகத்தில் மட்டும் இன்னும் மண் படவில்லை. கடைச் சீட்டு வாங்கிப் போகிறவர்களைப் பற்றிப் பேசும்போது, சாயம் போன சட்டையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். "அது வேட்டையா? சந்தைக்கடை. மரத்துக்கு ஒரு ஆள் உக்காந்திருப்பான்" என்பார். அவர் அந்தச் சந்தைக்கடையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. பார்த்தவர்களைவிட நன்றாக விவரிப்பார்.

"கல்யாணத்தையும் குலுக்கல்ல வெச்சிருந்தா இவர் இன்னும் வரிசையிலதான் நின்னிருப்பார்" என்பாள் அவர் மனைவி மார்லிஸ். "நான் கடைச் சீட்டு. அதனாலதான் இவருக்குக் கிடைச்சேன்."

மார்லிஸின் அண்ணன் நார்ப் வெண்ட்லர். நாற்பது வருஷமாகப் பால் பண்ணை. மாட்டுக்காரனுக்கு ஞாயிறும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. தங்கையின் கல்யாணத்திலேயே கேக் வெட்டுமுன் பால் கறக்க ஓடியவர். எல்க் மானைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர். ஐம்பது மாட்டுக்கடியில் காலையும் மாலையும் குந்திக் குந்தி வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. போன மார்ச்சில் மாடுகளை விற்றார். நவம்பரில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கப்புறம் மலை ஏறுகிற வேலையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, மாட்டுக்கும் டாக்டருக்கும் நடுவே நார்ப்புக்கு வாழ்நாளில் ஒரே ஓர் அக்டோபர் மாதம் மிச்சமிருந்தது.

மாடுகளை விற்ற வாரமே வெள்ளிக்கிழமை டாட்டியின் கடையில் நார்ப் நேரடியாகவே கேட்டார்.

"மாப்ளே, இந்த அக்டோபர் போவோமா? கடையில ரெண்டு டேக் வாங்கிக்கலாம். மான் கிடைக்குதோ இல்லையோ, மலையைப் பார்த்துட்டு வருவோம்."

டாரல் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "மச்சான், இந்த வருஷம் எங்கிட்ட இருபது புள்ளி. போன வருஷம் இருபதுக்கே விழுந்துச்சு, இந்தத் தடவை எனக்கும் விழுந்துடும். என் மலைக்கே போவோம்."

"எங்கிட்டதான் ஒரு புள்ளியும் இல்லையே?"

"நீ சுட வேண்டாம். கூட வா. கூடாரம் பார்த்துக்கோ, பன்னி இறைச்சி வதக்கிப் போடு. காலையில ஆறு மணிக்கு அந்த மலையில ஆண் எல்க் கத்துற சத்தம் கேட்டா உனக்கு முழங்கால் ஞாபகமே வராது."

நார்ப் ஒரு துண்டு மீனைப் பிய்த்தார். பிறகு, "சரி. வதக்கிப் போடறேன்" என்றார். அவருக்குச் சுடுவது பெரிதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். அதையும் தங்கை புருஷனோடு கேட்க வேண்டும். நாற்பது வருஷத்தில் இரண்டு பேரும் ஓர் இரவுகூட ஒன்றாக எங்கேயும் தங்கியதில்லை.

ஜூன் மாதம் குலுக்கல் முடிவு வந்தது. விழுந்துவிட்டது. ஊரே கொண்டாடியது, டாட்டி எல்லா மேஜைக்கும் ஒரு சுற்று இலவசமாக ஊற்றினாள், தேவாலயத்தில் பாதிரியார்கூட அறிவிப்புகளுக்கு நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். நார்ப் புது பூட்ஸ் வாங்கி, அதைப் பழக்குவதற்காக வெறும் மாட்டுக் கொட்டகையில் நொண்டி நொண்டி நடந்தார். டாரலும் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஒரு பதினைந்து நாள் இருந்தார்.

அப்புறம்தான் இந்த இனத்தின் உண்மையான குணம் வெளியே வந்தது. முதலில் நிலா. வேட்டை வாரத்தில் பௌர்ணமி விழுகிறது. பௌர்ணமியில் எல்க் இரவெல்லாம் மேய்ந்துவிட்டுப் பகலில் தூங்கும் என்று அட்டவணை சொன்னது. அடுத்தது மழை. ஜூலையில் அந்த மலையில் மழை குறைவு. மழை குறைந்தால் புல் குறைவு, புல் குறைந்தால் கொம்பு குட்டை. மூன்றாவதாக, அறுபது மைல் தள்ளி ஏதோ ஒரு காட்டில் புகை. நல்ல நாள் பார்க்கப் போய் முகூர்த்தத்தையே கோட்டைவிட்ட கதைதான். நிலாவும் மழையும் சாக்கு. நிஜமான பயம் வேறு: இருபது வருஷத்தையும் ஒரே வாரத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தால்? மறுநாள் காலை கண் விழிக்கும்போது புள்ளி பூஜ்யம். டாட்டியின் கடையில் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து என்னத்தைப் பேசுவது?

கொலராடோவில் ஒரு விதி உண்டு. சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே சீட்டைத் திருப்பிக் கொடுத்தால், சேர்த்த புள்ளியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். கால் உடைந்தவனுக்காக, வீட்டில் சாவு விழுந்தவனுக்காக யாரோ இரக்கப்பட்டு எழுதிய விதி.

டாரலின் கால் நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் சமையலறையில் வெளிவந்தது. நார்ப் கூடாரத்தின் கிழிசலைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மச்சான், கோவிச்சுக்காதே. இந்த வருஷம் நிலா சரியில்லை" என்றார் டாரல்.

"நிலாவுக்கு என்ன?"

"முழு நிலா. புல்லும் இல்லை. இருபது வருஷப் புள்ளியை இப்படி ஒரு வருஷத்துல போடறது பாவம். திருப்பிக் குடுத்துட்டேன். இருபதும் அப்படியே வந்துடுச்சு." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி தெரிந்தது. மறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

நார்ப் கூடாரத்தை மேஜைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, விஸ்கான்சின் பால்காரர்கள் கோபப்பட மாட்டார்கள், பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். "மாப்ளே, உங்க ஆலையில ரொம்பப் பழசான சீஸ் எத்தனை வருஷம்?" என்றார்.

"பதினைஞ்சு."

"அதைக்கூடப் பதினைஞ்சு வருஷத்துல எடுத்துத் தின்னுடறீங்க."

மார்லிஸ் அடுப்பை அணைத்தாள். "அண்ணே, கடையில டேக் இன்னும் விக்கிறாங்களா?"

"விக்கிறாங்க."

"ரெண்டு வாங்கு. அப்பாவோட துப்பாக்கி இன்னும் நல்லாத்தான் சுடுது."

"கடைச் சீட்டா?" என்று டாரல் பதறினார். "மார்லிஸ், அது சந்தைக்கடை. மரத்துக்கு ஒரு ஆள்."

"இருக்கட்டும். பேச்சுத் துணைக்கு ஆச்சு. நீங்களும் வாங்க. கடைச் சீட்டு வாங்கினா உங்க புள்ளி ஒண்ணும் குறையாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

வாசகர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கையில் இருபது புள்ளியும் பத்திரம், கடைச் சீட்டும் கிடைக்கும், மச்சானும் தயார், மனைவியே கூப்பிடுகிறாள். வேறு இனத்தைச் சேர்ந்தவனாக இருந்தால் இந்நேரம் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பான். டாரல் ஜன்னல் வழியே கார் கொட்டகையைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கடைச் சீட்டுக்காரர்களை ஏசியதெல்லாம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. "நீங்க போயிட்டு வாங்க. நான் அடுத்த வருஷத்துக்குத் தயார் பண்றேன்" என்றார்.

போகிறவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட பதினான்கு பக்கக் குறிப்பு கொடுத்தனுப்பினார். அதில் மூன்று பக்கம் காற்றின் திசை பற்றியது. வழியில் நெப்ராஸ்கா மாநிலம் தாண்டுமுன்பே அது நார்ப்பின் காலடியில் காபிக் கறையோடு கிடந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை. நேரே டாட்டியின் கடைக்குத்தான் வந்தார்கள். டாரல் மூன்றாவது மேஜையில் இருந்தார்.

"கூட்டம் எப்படி?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இருந்தாங்க" என்றார் நார்ப். "ரெண்டாம் நாள் என் கால் ஒத்துக்கலை. ஒரு மரக்கட்டையில உக்காந்துட்டேன். நம்ம பக்கத்து மாநிலம், அயோவாக்காரர் ஒருத்தர் வந்து காபி குடுத்தார். நாலாம் நாள் அந்தக் கட்டையிலேயே உக்காந்திருக்கேன், சத்தம் கேட்டுது மாப்ளே."

"எப்படி இருந்தது?" டாரலின் குரல் இறங்கிவிட்டது.

நார்ப் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மார்லிஸ் அழுதுட்டா" என்று மட்டும் சொன்னார்.

"அண்ணனும்தான்" என்றாள் மார்லிஸ். "அரை மணி கழிச்சு, ஒரு குட்டைக் கொம்பன் எதிர்ல வந்து நின்னுது. அண்ணன் உக்காந்த இடத்துலேயே சுட்டுட்டார். அதை இறக்கறதுதான் பெரும்பாடு. அண்ணனால தூக்க முடியாது, என் ஒருத்தியால முடியுமா? அயோவாக்காரர் போய்ப் பக்கத்துக் கூடாரத்துல சொன்னார், அவங்க அடுத்த கூடாரத்துல சொன்னாங்க. ஏழு பேர் வந்துட்டாங்க. ஒரே நடையில இறக்கிட்டோம்."

மரத்துக்கு ஓர் ஆள் இருந்தது நல்லதாகப் போயிற்று.  டாரல் தட்டில் இருந்த எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் சாறு தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நவம்பரில் நார்ப்புக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பார்க்கப் போன டாரல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

"மச்சான், அடுத்த வருஷத்துக்கும் இருபது அப்படியே கையில இருக்கு. அமாவாசை வாரம், அட்டவணை பார்த்துட்டேன். நீயும் கண்டிப்பா வர்றே."

நார்ப் புது முழங்காலின் கட்டுமேல் விரலால் மெல்லத் தட்டினார். "இது மலைக்குப் போகாது மாப்ளே. நீ போ. போயிட்டு வந்து எனக்குச் சொல்லு." அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னார். 

மான் இறைச்சியில் முதுகுப் பக்கத்து மிருதுவான துண்டுதான் உசத்தி. நார்ப் அதை வேறு யாருக்கும் தராமல் டாரலுக்கென்றே எடுத்து வைத்திருந்தார். டாரல் காகிதத்தில் சுற்றினார், அதன்மேல் பிளாஸ்டிக்கில் சுற்றினார், தேதி எழுதினார், கார் கொட்டகை உறைபனிப் பெட்டியின் அடித்தட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"எப்ப சமைக்கட்டும்?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"ஒரு நல்ல நாள் வரட்டும்" என்றார் டாரல்.

இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இனி உங்களிடம் ஒரு சின்ன விசாரணை. உங்கள் அலுவலகத்தில் எத்தனை நாள் விடுப்பு சேர்ந்து கிடக்கிறது? மனப்பாடமாகத் தெரியும் அல்லவா? எதற்காகச் சேர்க்கிறீர்கள்? "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்", "இந்த வெயில் தணியட்டும்", "போனா ஒழுங்கா ஒரு வாரம் போகணும், சும்மா ரெண்டு நாள் போய் என்ன பண்றது?" இதெல்லாம் யார் குரல்? கொலராடோவில் உங்களுக்கு ஒரு புள்ளியும் இல்லாமல் இருக்கலாம். அதனால் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். "ஒருநாள் சேர்ந்து போவோம்" என்று நீங்கள் யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவரும் நம்பிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கே ஒரு போன் போட்டு விசாரியுங்கள்: அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது?